மிகைநேரம்: ‘ஓ.டி.’ என்ற சொல்லின் பொருளும் அதற்குள் இருக்கும் எல்லையும்

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர் பேச்சில் ‘ஓவர்டைம்’ என்பதன் சுருக்கமான ‘ஓ.டி.’ அன்றாடச் சொல். “நேத்து ரெண்டு மணி ஓ.டி. பாத்தேன்” என்று ஃபேக்டரியில் வேலை செய்பவர் சொல்லும்போது அது நேரத்தைக் குறிக்கிறது. சம்பள நாளில் “இந்த மாசம் ஓ.டி. ஏறிருச்சா?” என்று வீட்டில் கேட்கும்போது அதே சொல் காசைக் குறிக்கிறது. ஒரே சொல் நேரத்துக்கும் காசுக்கும் மாறி மாறி நிற்பதால், காசு வந்துவிட்டால் நேரத்தைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. சட்டமோ இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அந்த வேறுபாட்டைத் தாங்கும் தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு என்பதால்தான் இந்த விளக்கம்.

‘ஓவர்டைம்’ என்ற ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் ‘ஓவர்’ என்பது மேலே, கடந்து என்னும் பொருளையும், ‘டைம்’ என்பது நேரத்தையும் தரும். எந்த நேரத்துக்கு மேலே என்ற கேள்விக்கு விடை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: முன்கூட்டி வரையறுக்கப்பட்ட வேலைநேரத்துக்கு மேலே. வேலைக்கு இத்தனை மணி என்ற வரம்பு இல்லாத இடத்தில் இச்சொல் பிறந்திருக்கவே முடியாது. பொழுது விடிந்து பொழுது சாயும் வரை உழைத்த காலத்தில் வேலை நீளுவதும் குறைவதும் பருவத்தைப் பொறுத்திருந்தன. அங்கே மேல்நேரம் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆலைச் சங்கு ஊதத் தொடங்கி, அந்தச் சங்குக்குச் சட்டம் ஒரு கணக்கு வகுத்த பின்னர்தான் இச்சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் வந்தது.

அந்தக் கணக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. வரம்பு கடந்த நேரத்துக்கு வழக்கமான கூலியில் குறைந்தது ஒன்றேகால் பங்கு தரவேண்டும் என்றும் விதித்தது. ஆனால் அதே உடன்படிக்கையில் இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்ற தனி விதி எழுதப்பட்டது. 1922-இல் திருத்தப்பட்ட இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றது. 48 மணி என்னும் வார வரம்பு நம் சட்டத்துக்குள் வர 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை உறுதிப்படுத்தி, நாளுக்கு 9 மணி என்ற உச்சத்தையும், வரம்பு கடந்த வேலைக்கு இரு மடங்குக் கூலியையும் வைத்தது.

தோட்டத்தின் கதை வேறு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலில் வாரத்துக்கு 54 மணி வரை வேலை வாங்க இடம் தந்தது. 1981-இல் வந்த திருத்தம் அதை 48 மணியாகக் குறைத்தது. வழக்கமான நேரத்துக்கு மேலோ விடுமுறை நாளிலோ வேலை செய்தால் இரு மடங்குக் கூலி என்றும், அந்த மேல்நேரத்தையும் சேர்த்து எவரும் நாளுக்கு 9 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக் கூடாது என்றும் அத்திருத்தம் எல்லை கட்டியது. தேயிலை ஃபேக்டரி மலைக்காட்டின் நடுவிலேயே நின்றாலும் அது தோட்டச் சட்டத்துக்குள் வராமல் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்தது. அங்கே மேல்நேரம் உட்பட நாளுக்கு 10 மணியும் வாரத்துக்கு 60 மணியும் உச்சமாக இருந்தன. ஆகவே ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், அடுத்தடுத்த வீடுகளில் இருக்கும் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கும், இலை வாட்டும் தட்டருகே இரவு நிற்கும் அண்ணனுக்கும் ‘ஓ.டி.’யின் எல்லை வெவ்வேறாக இருந்தது. இருவரும் வீட்டில் சொன்னது மட்டும் ஒரே சொல்.

அவ்விரு சட்டங்களும் இப்போது 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நாளுக்கு 8 மணி, மேல்நேரத்துக்கு இரு மடங்குக் கூலி என்பவற்றோடு, தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் மேல்நேர வேலை வாங்கக் கூடாது என்ற விதியும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் சம்மதத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடும். பழைய சட்டங்களும் சரி, புதிய தொகுப்பும் சரி, வேலைநேர உச்சத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு தொடரைக் கைவிடவில்லை: வரம்புக்கு மேல் ‘வேலை வாங்கவும் கூடாது, செய்ய விடவும் கூடாது’ என்பதே அத்தொடர். தொழிலாளி தானே விரும்பி வந்தாலும் உச்சவரம்பு நகராது என்பதே அந்த இரண்டாவது பகுதியின் பொருள். மேல்நேரத்துக்கு உட்பட்ட வேலைக்குச் சம்மதம் வேண்டும். மேல்நேரத்தின் எல்லையையும் கடப்பதற்குச் சம்மதம் போதாது. இரண்டு ஷிப்டை அடுத்தடுத்துப் பார்ப்பதை ‘டபுள் டூட்டி’ என்று நம் ஊர்களில் பெருமையோடு சொல்வதுண்டு. அது பதினாறு மணி நேரம், அதை ‘ஓ.டி.’ என்ற பெயருக்குள் ஒளித்துவைக்க முடியாது.

இனி, தமிழில் என்ன சொல்வது? தமிழகத்தில் ‘கூடுதல் நேரம்’ என்று எழுதுகிறார்கள். எல்லோருக்கும் புரியும் சொல்தான். ஆனால் கூடுதல் என்பது வெறுமனே இன்னும் கொஞ்சம் என்றுதான் ஒலிக்கிறது. மலையாளத்திலும் அதே சொல் அதே பொருளில் வழங்குவதால், எல்லைப்புறத்தில் அதற்கு எந்தக் கனமும் இல்லை. இலங்கைத் தமிழர் ‘மேலதிக நேரம்’, ‘மேலதிக நேரக் கொடுப்பனவு’ என்று சீராக ஆள்கிறார்கள். அது அவர்களுக்கு நன்கு பழகிய வழக்கு. மலையாள அறிவிப்புகளில் ‘அதிகசமயம்’ என்று எழுதுவார்கள். மலையாளத்தில் சமயம் என்றால் நேரம். தமிழரின் காதில் முதலில் விழுவது மதம். பள்ளியில் தமிழ் மட்டுமே படித்து ஃபேக்டரிக்கு வந்த ஒருவர் அந்த அறிவிப்பைப் பிறர் வாசிக்கக் கேட்டால் ஒரு கணம் தடுமாறாமல் இருக்க முடியாது.

நான் பரிந்துரைப்பது ‘மிகைநேரம்’ என்பதையே; இதைப் புதிதாக ஆக்கவில்லை, தமிழகத்து அலுவலக வழக்கில் முன்பே இருக்கிறது. மிகு என்னும் அடியிலிருந்து பிறந்த மிகை, அளவைக் கடந்தது என்ற பொருளைத் தருகிறது. எழுத்தில் வரக்கூடாத குற்றங்களுள் ஒன்றை நம் இலக்கண மரபு ‘மிகைபடக் கூறல்’ என்கிறது. அளவு மீறுவது இயல்பு நிலையன்று என்ற உணர்வு அச்சொல்லில் ஊறிக் கிடக்கிறது. அளவு ஒன்று இருந்தால்தான் மிகை என்று சொல்ல முடியும். அதனால் ‘மிகைநேரம்’ என்றவுடனேயே எந்த அளவுக்கு மேல் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. ‘கூடுதல் நேரம்’ அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. இரு மடங்குக் கூலி ஏன் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது: அது தொழிலாளிக்கு அளிக்கும் சலுகை அன்று, அளவை மீறச் செய்ததற்கு முதலாளி கொடுக்கும் விலை.

நேரத்துக்கு மிகைநேரம் என்றும், காசுக்கு மிகைநேரக் கூலி என்றும் பிரித்துச் சொன்னால் கணக்கும் தெளியும். ஒருவரின் நாள் அடிப்படைக் கூலி 300 ரூபாய், பஞ்சப்படி 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு 480 ரூபாய், ஒரு மணிக்கு 60 ரூபாய். இரண்டு மணி மிகைநேரத்துக்கு 240 ரூபாய் சேர வேண்டும். பஞ்சப்படியை விட்டுவிட்டு 300 ரூபாயை மட்டும் வகுத்தால் 150 ரூபாய்தான் வரும். 90 ரூபாய் போய்விடும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமான கூலி என்பதற்குள் படிகளையும் சேர்த்தே பொருள் சொன்னது. போனஸையும் மிகைநேரக் கூலியையும் மட்டுமே விலக்கியது. எங்கள் வீட்டிலேயே பல ஆண்டுகள் அந்தப் படி சேராமல்தான் கணக்கு வந்தது. கேட்கத் தெரியாததால் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மிகைநேரத்தோடு குழப்பக் கூடாது. கொழுந்து எடுப்பில் அடிப்படை அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. அது அளவுக்கான ஊக்கத்தொகை. அதே எட்டு மணிக்குள் கை வேகமாகப் போனதற்குக் கிடைப்பது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் நடத்திய வேலைநிறுத்தத்தை அடுத்து நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தபோது, அடிப்படைக் கொழுந்து அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. மணி மாறவில்லை, கிலோ மாறியது. அந்தக் கூடுதல் கிலோவை எடுத்து முடிக்க மாலையில் தேயிலை நிரையில் தங்கிவிட்டால் அந்த நேரம் கிலோக் கணக்கில் கரைந்துபோகிறது. உண்மையில் அது மிகைநேரம், செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் மணியாகவே ஏற வேண்டியது.

கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்கு வருபவர்களின் பயண நேரம் கூலிக் கணக்கில் வருவதில்லை. எனவே அதை மிகைநேரம் என்று சொல்ல முடியாது. ஆனால் காட்டுக்கு வந்து சேர்ந்த பின் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளின் முழு நீட்சி 12 மணியைத் தாண்டக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே கூறியது. அந்த நீட்சிக்கு ‘வேலைநாள் விரிவு’ என்று பெயர் வைக்கலாம்; மிகைநேரத்துக்கு அது உறவே தவிர, அதுவே இது அன்று.

சட்டச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், அங்குள்ள பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஃபேக்டரியில் ஒட்ட வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டம் வைத்த விதி. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும், சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. ஆகவே தொழிலாளர் அலுவலருக்கு மனு எழுதும்போது ‘ஓ.டி. வரவில்லை’ என்று நிறுத்திவிடாமல், இன்ன தேதியில் இத்தனை மணி மிகைநேரம், அதற்குச் சேர வேண்டிய மிகைநேரக் கூலி இத்தனை ரூபாய், வந்தது இத்தனை ரூபாய் என்று மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.