கொல்லொட்டுண்ணி: சொல் விளக்கம்

திருமங்கலம், பேரையூர்ப் பகுதிக் கரிசலில் பருத்தியும் மேலூர்ப் பாசனத்தில் நெல்லும் பயிரிடுவோருக்குத் தத்துப்பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தத்துதல் என்றால் தாவுதல். செடியைத் தொட்டதும் தாவும் இயல்பே அதன் பெயராயிற்று. அது சாற்றை உறிஞ்சுவதால் பருத்தியிலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கிச் சுருண்டு சிவக்கும். நெல்லிலோ பச்சைத் தத்துப்பூச்சி துங்ரோ நோயையும் பரப்பும்.

இப்பூச்சியின் முட்டையை அழிக்கும் குளவிக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் சிக்கல். மைமாரிடே குடும்பத்தைச் சேர்ந்த அனாக்ரஸ் போன்ற இக்குளவிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. தத்துப்பூச்சி இலைத் திசுவுக்குள் செருகி வைத்த முட்டையை உணர்கொம்பால் தட்டித் தேடும் பெண் குளவி, அதனுள் தன் முட்டையை இடுகிறது. பொரிந்த புழு உள்ளிருப்பதைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாக வெளியேறுகிறது. தத்துப்பூச்சிக் குஞ்சு பிறப்பதே இல்லை.

வேளாண் வழக்கில் இதை முட்டை ஒட்டுண்ணி என்பர். ஆனால் ஒட்டி உண்பதே ஒட்டுண்ணி. மாட்டின் காதில் ஒட்டும் உண்ணி குருதியைக் குடிக்குமேயன்றி மாட்டைக் கொன்றுதான் வளர வேண்டும் என்பதில்லை. இக்குளவியின் புழுவோ தனக்கு இடம் கொடுத்த உயிரை, அதாவது ஓம்புயிரைக் கொன்றே வளர்கிறது. இந்த வேறுபாட்டைக் குறிக்கவே பின்லாந்துப் பூச்சியியலாளர் ஓடோ ரியூட்டர் 1913இல் ‘பாராசிட்டாய்டு’ என்ற சொல்லை ஆக்கினார். பிறர் பந்தியில் அமர்ந்து உண்பவனைக் குறித்த ‘பாராசிட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு, ‘வடிவம்’ எனப் பொருள்படும் ‘எய்டோஸ்’ வழி வந்த ஈறு சேர்ந்தது அது. ஒட்டுண்ணி போன்றது என்பதே நேர்ப்பொருள். அதைப் பின்பற்றி ‘ஒட்டுண்ணிப்போலி’ என்றால், போலி மருந்துக்குப் பழகிய நம் காதில் அது வசையாகவே விழும். ‘ஓம்புயிர்க்கொல்லி’ பொருளில் சரிதான். ஆயினும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என விற்கும் உர மருந்துக் கடையில் அதைக் கேட்டால் புட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். கொல்யானை, கொல்களிறு போல வினைத்தொகையாக அமையும் ‘கொல்லொட்டுண்ணி’யே தக்கது என்பது என் கருத்து.

முட்டைக்குள் இருப்பது ஒட்டுவது எப்படி என்று கேட்கலாம். தத்துப்பூச்சிகளைத் தாக்கும் டிரைனிடே குடும்பக் குளவியின் புழு, பூச்சியின் உடலிலிருந்து பை போலப் புடைத்து வெளியே தெரியும்படி வளர்ந்து, முடிவில் அதைக் கொன்றுவிடுகிறது. அங்கே ‘ஒட்டு’, ‘கொல்’ இரண்டும் நேர்ப்பொருளிலேயே நிற்கின்றன. முட்டைக் குளவிக்கு ‘முட்டைக் கொல்லொட்டுண்ணி’ என அடை சேர்த்துக்கொண்டால் போதும்.