ஒரே 'மா', ஊருக்கொரு பொருள்

தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்காரர் "மூணு மா இருக்கு" என்றால், ஒரு ஏக்கர் நிலம் என்று அர்த்தம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அவர் வீட்டுக் கொல்லையில் காய்த்து நிற்கும் மா வேறு. யாழ்ப்பாணத்தில் புட்டுக்குக் குழைக்கிற மா வேறு. சங்கப் பாட்டில் தேர் இழுக்கும் மா குதிரை. பழைய வாய்பாட்டில் மா என்றால் இருபதில் ஒன்று. பெரியது என்ற பொருளும் உண்டு, கரியது என்ற பொருளும் உண்டு. இப்படித் தனியே நின்று பொருள் தரும் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ.

தமிழைத் தாண்டினாலும் இந்த ஓசை நம்மை விடுவதில்லை. ஃபின்லாந்தில் மா என்றால் நிலம். பக்கத்து எஸ்தோனியாவிலும் நீட்டிச் சொன்னால் நிலம்தான். 'ம' என்று குறுக்கினால் 'நான்'. ஹங்கேரியில் 'இன்று'. இத்தாலியில் 'ஆனால்'. போலந்தில் 'அவனிடம் இருக்கிறது'. அரபியில் 'என்ன?' என்று கேட்கவும் மா, 'இல்லை' என்று மறுக்கவும் மா. சமஸ்கிருதத்தில் 'செய்யாதே'. ஜப்பானில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே விடும் இடைவெளி.

இதற்கு முதல் காரணம் வெறும் கணக்குதான். மெய்யோடு உயிர் சேர்ந்த அசை இல்லாத மொழி கிடையாது. உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடும் 'ம' இல்லாத மொழிகளோ மிகக் குறைவு. ஒரு மொழியில் சுமாராக 22 மெய்யொலிகள், 5 உயிரொலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 110 அசைகள்தான் கிடைக்கும். உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள். ஒவ்வொன்றிலும் சொல்ல வேண்டியவை பல்லாயிரம். 110 பெட்டிகளில் எது காலியாக இருக்க முடியும்?

இரண்டாவது காரணம் தேய்மானம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அடிக்கடி வாயில் புழங்கும் சொல் சீக்கிரம் தேயும். 'ஆயிற்று' நம் வாயில் 'ஆச்சு' ஆனதைப் போலத்தான். இத்தாலியின் 'மா', 'மேலும்' என்ற பொருளுடைய 'மாகிஸ்' என்ற லத்தீன் சொல்லின் மிச்சம். எஸ்தோனியாவின் 'ம', 'மின' என்பதன் குறுக்கம். வேறு வேறு மலையில் உருண்ட கற்கள், தேய்ந்து தேய்ந்து ஒரே கூழாங்கல் ஆகிவிட்டன.

வியட்நாமில் இந்தத் தேய்மானத்தை அருகில் வைத்தே பார்க்கலாம். 'ம' என்பதை அங்கே ஆறு விதமாக இழுக்கிறார்கள். குரலைச் சமமாக வைத்தால் பேய். மேலே ஏற்றினால் அம்மா (தென்பகுதிப் பேச்சில்). மெல்லத் தாழ்த்தினால் 'ஆனால்'. இறக்கி ஏற்றினால் கல்லறை. நடுவில் உடைத்து ஏற்றினால் குதிரை. இது சீனத்திலிருந்து வந்த சொல். அடித்தொண்டையில் அமுக்கினால், வயலில் நடுகிற நாற்று. பழைய காலத்தில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது, சொற்களின் முடிவில் வேறு வேறு மெய்யொலிகள் இருந்தன என்று 1954இல் பிரெஞ்சு மொழியியலாளர் ஒத்ரிகூர் விளக்கினார். அந்த மெய்கள் உதிர்ந்தபோது, அவை குரலில் உண்டாக்கிய ஏற்றமும் இறக்கமும் மட்டும் தங்கிவிட்டன. மெய் போனது, அதன் தடம் ராகமாக நின்றது.

சரி, அப்படியானால் இரண்டு மொழியில் ஓசையும் பொருளும் சேர்ந்தே ஒத்துப்போனால்? உறவு என்றுதானே நினைப்போம்? கொரியத் தொடர் பார்க்கிற எல்லோருக்கும் 'ஒம்மா', 'அப்பா' காதில் விழுந்ததும் ஒரு சிலிர்ப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் இவை குழந்தை வாய்ச் சொற்கள். வாயில் முலையோ பால்புட்டியோ இருக்கும்போதும் மூக்கு வழியாக வரக்கூடியது 'ம்' என்ற முனகல். அதைத் தாய் தன்னை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறாள் என்று மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் விளக்கினார். எடுத்துக்கொள்வது பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா!

குழந்தைச் சொல் இல்லாவிட்டாலும் தற்செயல் நடக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. 1960களில் டிக்சன் என்ற மொழியியலாளர், அதைப் பேசிய முதியவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். "டாக்" என்று பதில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து வாங்கியது இல்லை. பக்கத்து மொழியில் நாய் 'குடக'. ம்பபரத்தில் முதலசை உதிர்ந்தது, கடைசி உயிர் தேய்ந்தது, நடு உயிர் ஒகரமானது. அவ்வளவுதான்.

நீளமான சொல் இப்படி ஏமாற்றாது. ஓரசைக்கு 110 வாய்ப்பு என்றால் ஈரசைக்கு 12,100, மூவசைக்கு 13 லட்சத்துக்கு மேல். ஆங்கிலத்தின் 'கேட்டமரன்' நம் கட்டுமரம்தான் என்று துணிந்து சொல்லலாம். நான்கு அசை தற்செயலாக வரிசைப்படி அமைவது அபூர்வம்.

குட்டிச் சொல்லுக்கு வேறு சோதனை வேண்டும். கொரியத்தில் நாள் 'நல்', புல் 'புல்'. இந்த மாதிரி ஒற்றுமைகளைக் கண்ட ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஆனால் 15ஆம் நூற்றாண்டுக் கொரியத்தில் அந்தப் 'புல்'லின் உயிர் உகரமே இல்லை. உதடு குவியாத வேறோர் ஒலி. உதட்டொலிக்குப் பக்கத்தில் இருந்ததால் பிற்காலத்தில்தான் அது உகரமாகக் குவிந்தது. பின்னோக்கிப் போகப் போக உறவுச் சொற்கள் நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன.

இப்போது கன்னடத்தைப் பாருங்கள். பால் அங்கே ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பாம்பு, ஹாவு. புலி, ஹுலி. நம்முடைய பகரம் நின்ற இடத்தில் வரிசையாக ஹகரம் வந்து நிற்கிறது. பழங்கன்னடத்திலோ அவையும் பகரம்தான். கேட்கும்போது கொரியச் சொல்தான் நமக்குக் கிட்டத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் நம் புல்லோடு கூடப் பிறந்தது, மைசூர்ப் பக்கம் மாட்டுக்கு அள்ளிப் போடுகிற அந்த ஹுல்லு.