களத்தில் மிரட்டல் வந்தால்: சிறுவர் நல உத்தியோகத்தர்கள் கைவிடக் கூடாதவை

பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க நீதவான் உத்தரவிட்ட மறுநாள், உத்தியோகத்தரின் சொந்தக் கைபேசிக்கு அழைப்பு வரும்: "உன் வீடு எங்க இருக்குன்னு தெரியும்." மட்டக்குளியிலோ கிராண்ட்பாஸிலோ ஒரு தோட்டத்து ஒழுங்கைக்குள் நாலு பேர் வழிமறிப்பார்கள். புகைப்படத்தோடு "பிள்ளை பிடிப்பவள்" என்று முகநூலில் பதிவு வரும். அலுவலகத்தில் சொன்னால் கிடைக்கும் பதில்: "இந்த வேலையில இதெல்லாம் சகஜம் மிஸ்."

சகஜமில்லை, குற்றம். ஆனால் அது உங்கள் கடமைக்கு எதிரான குற்றமாகப் பதியப்படாமல், இரண்டு பேருக்கு இடையிலான வாய்த்தகராறாகச் சுருங்கிவிடுவதையே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதைத் தடுப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

சட்டப் பின்னணி சுருக்கமாக. சிறுவர் நலப் பணியாளர்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இல்லை. வேலையிடப் பாதுகாப்பைப் பேசும் 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குத்தான், களத்துக்கு வராது. கைக்கு எட்டுவது தண்டனைச் சட்டக்கோவை. அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்வது 183 ஆம் பிரிவு. அவருக்குத் தீங்கு செய்வதாக மிரட்டுவது 186. கடமையைத் தடுக்கக் கைவைப்பது 344. யார் யாரை மிரட்டினாலும் பொருந்தும் குற்றவியல் அச்சுறுத்தல் 486. இவற்றோடு, குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. 2015 இல் வந்த பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது.

முதல் சிக்கல்: நீங்கள் யாருடைய ஆள்?

வெளியே இருப்பவர்களுக்கு எல்லோரும் "சிறுவர் ஒபிசர்" தான். கடதாசியில் அப்படியில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபையின் கீழ் வருகிறார். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தைச் சேர்ந்தவர், உட்காருவது பிரதேச செயலகத்தில். இன்னொருவர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் ஆள். பக்கத்து மேசையில் தொண்டு நிறுவனத்துப் பணியாளர் இருப்பார். மிரட்டல் என்று வந்ததும் பிரதேச செயலகம் "உங்கள் திணைக்களத்துக்கு எழுதுங்கள்" என்கும், திணைக்களம் "சம்பவம் அந்தப் பிரதேசத்தில்தானே, செயலாளரிடம் சொல்லுங்கள்" என்கும். திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்கும் கொழும்புக்கும் இடையே பஸ் காசு உங்களுடையது.

ஆகவே ஒரே கடிதத்தை இருவருக்கும் அதே நாளில் முகவரியிடுங்கள். "உரிய வழியூடாக" மட்டும் அனுப்பினால் அது முதல் மேசையிலேயே தூங்கும். முற்பிரதி ஒன்றை நேரடியாகத் திணைக்களத் தலைவருக்கு அனுப்பிவிட்டு, உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் பிறகு "கிடைக்கவே இல்லை" ஆகிவிடும்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இன்ன திகதிக் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். தன் அலுவலகத்திடமே தகவல் கேட்பதா என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். தூங்கிய கோப்புகள் இந்த ஒரு கேள்வியில் எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடமையில் இருந்தீர்களா?

அடிபட்ட பிறகு இந்தக் கேள்வி வரும், ஆட்களை உண்மையாகக் கவிழ்ப்பதும் இதுதான். மாத ஆரம்பத்தில் கொடுத்த முற்கூட்டிய நிகழ்ச்சித்திட்டத்தில் அந்த வீடு இல்லை, வெளிச்செல்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்றால், "தன்னிச்சையாகப் போனார்" என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். அதோடு விபத்து லீவும் நட்டஈடும் கேள்விக்குறி. ஆனால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு வரும் முறைப்பாடு மாத ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாலை ஆறு மணிக்கும் வரும், போயா நாளிலும் வரும்.

திடீரென்று போக நேர்ந்தால், ஏறும் முன்பே மேலதிகாரிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: எந்தக் கோப்பு, எந்த வீடு, யார் சொல்லிப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன். வாய்மொழியாக "போயிட்டு வாங்க" என்றால், "நீங்கள் தொலைபேசியில் பணித்தபடி" என்று எழுதி அனுப்புங்கள். மறுநாள் காலை பதிவேட்டிலும் கள நாட்குறிப்பிலும் அதை ஏற்றிவிடுங்கள்.

பிள்ளையை அகற்றும் நாளுக்குப் பொலிஸ் துணை வேண்டுமென்றால், அலுவலகக் கடிதத்தில் நேரத்தோடு, பெண் பொலிஸ் உத்தியோகத்தர் வேண்டும் என்பதையும் எழுதி, நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்தில் முன்கூட்டியே கொடுங்கள். "வாகனம் இல்லை" என்றால், சொன்னவரின் பதவி, நேரம் இரண்டையும் குறித்து, அதையே மேலதிகாரிக்கு எழுதுங்கள். பிள்ளைக்கு அந்த நிமிடமே ஆபத்து என்றால் கடிதத்துக்குக் காத்திராமல் பொலிஸ் அவசர இலக்கமான 119. அந்த அழைப்பும் ஒரு பதிவுதான்.

பொலிஸ் நிலையத்தில்

அன்றே போங்கள். மூன்று நாள் கழித்துப் போனால் "அவ்வளவு பயமென்றால் ஏன் அன்றைக்கே வரவில்லை" என்பதுதான் முதல் கேள்வி. சம்பவம் நடந்த இடத்து நிலையத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் அலுவலகம் ஒரு பிரிவு, வீடு வெள்ளவத்தை, சம்பவம் முகத்துவாரம் என்று மூன்று நிலையங்களும் மாறி மாறிக் கைகாட்டும்.

வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே பதவி, கோப்பு இலக்கம், நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் திகதி, "கடமையின் போது" என்ற சொல் எல்லாம் வர வேண்டும். இந்த நான்கும் இல்லாத முறைப்பாடு சில்லறைத் தகராறாகப் பதியப்பட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "இனிமேல் பிரச்சினை பண்ண மாட்டோம்" என்று கையொப்பம் வாங்குவதில் முடியும். அந்தக் கையொப்பத்தை வைக்காதீர்கள். நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றப் போனவருக்கும் அதைத் தடுத்தவருக்கும் சமரசம் பேச என்ன இருக்கிறது? "விசாரணை வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

வீட்டு முகவரி கேட்பார்கள். அலுவலக முகவரியைப் பதியச் சொல்லி வற்புறுத்துங்கள். வழக்கானால் எதிர்த்தரப்புக்கு முதல் முறைப்பாட்டின் பிரதி கிடைக்கும். இதே காரணத்துக்காக, குடும்பங்களுக்கு உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளிலிருந்தே கொடுக்காதீர்கள்.

தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி "இங்க சைன் பண்ணுங்க" என்றால் நிறுத்துங்கள். கொழும்பிலும் தமிழில் முறைப்பாடு செய்யும் உரிமை அரசியலமைப்பின் IV ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. எழுதத் தெரிந்த ஆள் இல்லை என்றால், நீங்களே தமிழில் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, அது முறைப்பாட்டோடு இணைக்கப்பட்டதாக ஒரு வரி பதியச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் வெளியே வர வேண்டாம்.

பொறுப்பதிகாரி பதிய மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், பிறகு தேசிய பொலிஸ் ஆணைக்குழு. இந்த அலைச்சலில் ஒரு மாதம் கழிந்துவிடாமல் பாருங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த மாதத்தில் சேராது.

சாட்சி என்ற உரிமை

பலர் கேட்காமலே விடுவது இது. 2023 சட்டத்தில் சாட்சி என்பவர் கூண்டில் ஏறியவர் மட்டுமல்ல. குற்றம் பற்றித் தகவல் கொடுத்தவரும் வாக்குமூலம் கொடுத்தவரும் அதில் அடங்குவார்கள். துஷ்பிரயோக வழக்கொன்றில் நீங்கள் அறிக்கை கொடுத்து, அதனால் மிரட்டல் வந்திருந்தால், அது சாதாரண மிரட்டலைவிடப் பாரமான தனிக் குற்றம். பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்கும், அச்சட்டத்தின் கீழ் உள்ள தேசிய அதிகார சபைக்கும், பொலிஸிலுள்ள அதற்கான பிரிவுக்கும் விண்ணப்பிக்கலாம். வீட்டாருக்கும் மிரட்டல் இருந்தால் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். நிலையத்தில் "நீங்கள் அரசாங்க ஆள், உங்களுக்கு எதற்குச் சாட்சிப் பாதுகாப்பு" என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

காயம் பட்டால்

தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைக்குப் போங்கள், அவசரமென்றால் அம்புலன்ஸுக்கு 1990. பதியும் இடத்தில் கேட்டால் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். வெட்கத்தாலும் வீட்டார் பயப்படுவார்கள் என்றும் அப்படிச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். பிறகு அந்த ஒரு சொல்லை வைத்தே வழக்கைக் கவிழ்த்தார்கள். "கடமையின் போது அடித்தார்கள்" என்றே சொல்லுங்கள். தனியார் வைத்தியசாலையில் மருந்து கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவமும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் இல்லாமல் போகும். சிராய்ப்பு ஆறிய பிறகு அதை யாராலும் எழுதித்தர முடியாது.

அரச உத்தியோகத்தருக்கு, அரச சேவை விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவையின் XII ஆம் அத்தியாயத்தில் விபத்து லீவு உண்டு. அலுவலகம் பேசாமல் அதை உங்கள் சுகவீன லீவில் கழிக்கப் பார்க்கும். லீவு விண்ணப்பத்திலேயே "விபத்து லீவு" என்று எழுதி, முறைப்பாட்டு இலக்கத்தையும் வைத்திய அறிக்கையையும் இணையுங்கள். அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கையையும் நாள் கடத்தாமல் போடுங்கள்.

தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை கடினம். 183, 186, 344 மூன்றும் அரச ஊழியருக்கானவை, உங்களுக்கு 486 தான். நட்டஈட்டுக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, போக வேண்டியது அதன் ஆணையாளரிடம். நிறுவனம் உங்களைத் "தொண்டர்" என்றும் சம்பளத்தை "கொடுப்பனவு" என்றும் எழுதியிருந்தால் அங்கே முதல் தடை வரும். ஆகவே களத்துக்கு இறங்கும் முன்பே நியமனக் கடிதத்தில் பதவி, சம்பளம், களப்பணி மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குக் காசு கட்டப்பட்டதற்கான ரசீதுகளை வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள்.