ரிப்பேர் லைனுக்கு எடுத்த கோல் முறைப்பாடு ஆகாது

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டிலும் ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலும் இருக்கும் நம்மவர்கள் பூஞ்சணப் பிரச்சினையோடு ஆலோசனைக்கு வரும்போது, "எட்டு மாதமா சொல்லிக்கொண்டே இருக்கிறம்" என்கிறார்கள். முறைப்பாட்டு இலக்கம் கேட்டால் ரிப்பேர் இலக்கத்தை நீட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல! எத்தனை தரம்தான் சொல்வது?

முதன்முதலில் அறிவிப்பது திருத்த வேலைக் கோரிக்கை. அதற்கு அவர்கள் செய்ததில் திருப்தியில்லை என்று சொல்லும்போதுதான் அது முறைப்பாடு. வாயால் சொன்னாலே போதும், "முறைப்பாடு" என்ற சொல்கூடத் தேவையில்லை என்கிறது ஹவுசிங் ஒம்புட்ஸ்மனின் (இந்த வீடுகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு) விதிக்கோவை. ஆனால் ரிப்பேர் லைனில் இருப்பவர் பழைய வேலைக்கே புதுத் திகதி போட்டுவிட்டு வைத்துவிடுவார். நீங்கள் கொட்டித் தீர்த்தது எங்கும் பதிவாகாது.

ஆகவே ஈமெயில் அனுப்புங்கள். தலைப்பில் "ஸ்டேஜ் 1 கம்ப்ளெயின்ட்" என்றே போடுங்கள். முதலில் அறிவித்த திகதி, ஆட்கள் வந்துபோன நாட்கள், எந்த அறையின் எந்தச் சுவர், வீட்டில் கைக்குழந்தையோ தொய்வு உள்ளவரோ இருக்கிறாரா, படங்கள். 5 வேலைநாளுக்குள் கிடைத்ததென்று உறுதிசெய்து, அதிலிருந்து 10 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் சரியில்லையென்றால் ஸ்டேஜ் 2, அதற்கு 20 வேலைநாள். அதன் பின் 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மன். கட்டணமில்லை. தயவுசெய்து முதற்படியோடு நின்றுவிடாதீர்கள்.

2 வயது அவாப் இஷாக் ரொச்டேலில் 2020 டிசம்பரில் பூஞ்சணத்தால் இறந்தான். தந்தை 2017 இலேயே அறிவித்திருந்தார். மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அவன் பெயரிலான சட்டவிதிகள் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளன. உயிராபத்து போன்ற அவசரமென்றால் 24 மணிநேரத்துக்குள் பார்த்து ஆபத்தை நீக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணத்துக்கு 10 வேலைநாளுக்குள் பரிசோதனை, முடிந்து 3 வேலைநாளுக்குள் எழுத்தில் அறிக்கை, 5 வேலைநாளுக்குள் வீட்டை ஆபத்தில்லாததாக்கும் வேலை. முடியாதென்றால் மாற்றிடம் தர வேண்டும். உடுப்புக் காயப்போட்டதால் வந்தது என்று உங்கள் தலையில் கட்டினால் ஏற்காதீர்கள். குடியிருப்போரைக் குறைசொல்லக் கூடாதென்று அரசின் வழிகாட்டலே சொல்கிறது.

கவுன்சிலோ ஹவுசிங் அசோசியேஷனோ அனுப்பும் திருப்திக் கருத்துக்கணிப்பையும் குப்பையில் போடாதீர்கள். லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்துக் குடியிருப்பாளர்கள் தீவிபத்து வருமென்று 2016 நவம்பரிலேயே எழுதினார்கள். யாரும் கேட்கவில்லை; 2017 ஜூனில் 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் 2023 ஆம் ஆண்டின் சமூக வீடமைப்பு ஒழுங்காற்றுச் சட்டம். 1,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் கவுன்சில்களையும் அசோசியேஷன்களையும் அரசின் வீடமைப்பு ஒழுங்காற்றுநர் இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார். உங்கள் பதில்களும் அங்கே பார்க்கப்படும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அதே ஈமெயிலில் கேளுங்கள், பத்து வயதுப் பிள்ளையைப் பேசவிடாதீர்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிலுவை ஏறினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.