சர்க்கரை மாத்திரை இதயத்தைக் காத்தது எப்படி?

2015-இல் ஓர் ஆய்வு முடிவு இதய மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. இதய நோயும் இருந்த சுமார் 7,000 சர்க்கரை நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் சோதித்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களிடையே இதய, ரத்தநாள நோய்களால் நேரும் மரணம் 38 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அது இதயத்துக்கான மருந்து அல்ல. சர்க்கரையையும் ஓரளவுதான் குறைத்தது. அது நேரடியாக வேலை செய்யும் இடம் சிறுநீரகம்.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதோடு வெளியேறும் சர்க்கரையை நுண்குழாய்கள் ஏறக்குறைய முழுவதுமாக மீட்டு ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். இந்த வேலையில் பெரும்பங்கு எஸ்.ஜி.எல்.டி.-2 என்ற புரதத்துடையது. சர்க்கரையை இழுக்கும்போது சோடியத்தையும் சேர்த்தே இழுப்பது அதன் இயல்பு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, இந்தப் புரதம் உப்பையும் அளவுக்கு மீறி மீட்டுவிடுகிறது. குழாயில் சற்றுத் தள்ளி உப்பின் அளவைக் கண்காணிக்கும் செல்கள் இருக்கின்றன. தம்மிடம் வரும் உப்பு குறைந்ததும், வடிகட்டல் போதவில்லை என்று அவை தவறாகக் கணிக்கின்றன. உடனே வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுவரும் நாளம் விரிகிறது. வெளியே போகும் நாளமோ ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனால் இறுகியிருக்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட வடிகட்டியில் அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் சுவர் சிதைந்து, ஆல்புமின் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும்.

தங்கிவிட்ட உப்பும் நீரும் ரத்த அழுத்தத்தை ஏற்ற, இதயத் தசை தடிக்கிறது. சிறுநீரகம் மேலும் கெட்டால், ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை அது சுரப்பது குறைந்து ரத்தசோகை வருகிறது. பாஸ்பேட் தேங்கி, ரத்தநாளச் சுவர்களில் சுண்ணாம்பு படிகிறது. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது, திரும்பும் ரத்தமும் தேங்குகிறது. வயிற்றுக் கொழுப்போ இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்து, எல்லாவற்றையும் மோசமாக்குகிறது. சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நிலைக்குப் போகும் முன்பே இதய நோயால் இறப்பது இதனால்தான். 2023-இல் அமெரிக்க இதயச் சங்கம் இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை-உடல்பருமன் போன்ற வளர்சிதைக் கோளாறு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே நோய்த்தொகுப்பாக வரையறுத்தது. மிகவும் தாமதமாக வந்த அறிவு இது.

எம்பாகிளிஃப்ளோசின் அந்த எஸ்.ஜி.எல்.டி.-2 புரதத்தைத்தான் தடுக்கிறது. சர்க்கரையும் உப்பும் சிறுநீரில் போய்விட, வடிகட்டியின் அழுத்தம் தணிகிறது; உப்பும் நீரும் தங்காததால் இதயத்தின் சுமையும் குறைகிறது. தொடக்கத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சற்று உயரக்கூடும். பெரும்பாலும் அது அழுத்தம் தணிந்ததன் விளைவே. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை நோயே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தந்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

"கிரியேட்டினின் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியடைகிறோம். ஆனால் சிறுநீரகம் ஏறத்தாழப் பாதித் திறனை இழக்கும்வரைகூட அந்த எண் நார்மலாகவே இருக்கலாம். அதற்கு வெகு முன்பே கசிவைக் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனை. சிறுநீரிலுள்ள ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆல்புமின் இருந்து, மறுபரிசோதனையிலும் அதுவே வந்தால், சிறுநீரகத்தோடு இதயத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள் நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது. மருத்துவர் எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.