சிமெண்ட் ஆறும் மயில்கழுத்து ஏரியும்

புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருப்பார் என்பது மிகைதான். எங்கள் வீட்டில் இருப்பது அக்கா, ஸ்ட்ராஸ்பூர் நகரில். போன ஜூலையில் அவள் குடும்பத்தோடு நாங்களும் காரில் கிளம்பி, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் நாலு நாள் கூடாரம் போட்டுத் தங்கினோம். ஊரின் பெயருக்கே ‘ஏரிகளுக்கு நடுவே’ என்று பொருள். கிழக்கே பிரியன்ஸ் ஏரி, மேற்கே தூன் ஏரி.

முதல் நாளே லுச்சினே ஆற்றைப் பார்த்துவிட்டு அக்கா பெண் கேட்டாள்: “மாமா, மேல யாராவது வீடு கட்றாங்களா?”

ஆறு அப்படித்தான் இருந்தது, பூச்சு வேலைக்குக் கரைத்த சிமெண்ட் தண்ணீராக. ஆனால் அது போய் விழும் பிரியன்ஸ் ஏரியோ மயில்கழுத்துப் பட்டு. அங்கிருந்து வழிந்து தூன் ஏரிக்குப் போனதும் பச்சை வடிந்து நீலம் தூக்கலாகிவிடுகிறது.

“வானத்தோட நிறம்தான் தண்ணில தெரியுது” என்றார் அக்கா வீட்டுக்காரர். மறுநாள் தூறல் போட்டது, வானம் சாம்பல் பூத்தது. ஏரி மட்டும் நிறம் மாறவில்லை. அவர் காபி போடப் போய்விட்டார்.

தண்ணீரில் மிதப்பது பாறை மாவு, அதை அரைக்கும் அம்மி மேலேதான் இருக்கிறது. 4,158 மீட்டர் உயர யுங்ஃப்ராவும் அதைச் சுற்றிய சிகரங்களும் பனியாறுகளை, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிப்பாளங்களை, சுமந்து நிற்கின்றன. பனிக்கட்டிக்குப் பாறையைச் சுரண்டும் வலு கிடையாது. அதன் அடியில் சிக்கிய கற்களுக்கு உண்டு. தச்சரின் உப்புத்தாளில் காகிதமா மரத்தைத் தேய்க்கிறது? ஒட்டியிருக்கும் மணல்தானே. பல மீட்டர் கனப் பனி மேலிருந்து அழுத்த, கல்லும் பாறையும் உரசி மாவாகின்றன. கோடையில் உருகும் நீர் அந்த மாவை வாரிக்கொண்டு இறங்குகிறது.

ஆற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கூடாரத்துக்குள் வைத்தேன். காலையில் அடியில் மெல்லிய சாம்பல் படலம், மேலே இன்னும் மங்கல். படலத்தை எடுத்து விரலில் தேய்த்தால் கரகரப்பே இல்லை, சலித்த விபூதி போல வழுக்கியது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கே உள்ள துகள், குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்க இறங்கினாலும் ஒரு சாண்தான் இறங்கும். பிரியன்ஸ் ஏரியின் ஆழமோ 260 மீட்டர்!

இனி நிறம். தண்ணீருக்குள் நுழையும் வெளிச்சம் போகப் போக வழிச்செலவு கொடுக்க வேண்டும். சிவப்பு சில மீட்டரிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும், பச்சை இன்னும் கொஞ்சம் தாங்கும், நீலம்தான் வெகுதூரம் போகும். பொடி குறைந்த தண்ணீரில் வெளிச்சம் ஆழத்துக்குப் போய் மெல்லத் திரும்புகிறது. மிஞ்சுவது நீலம், அது தூன் ஏரி. பொடி ஓரளவு மிதந்தால் வெளிச்சம் பாதி வழியிலேயே மோதித் திரும்பிவிடும். சிவப்பு போயிருக்கும், பச்சை இன்னும் கையில் இருக்கும். நீலமும் பச்சையும் சேர்ந்து பிரகாசமாக வெளிவருவதுதான் பிரியன்ஸின் மயில்கழுத்து. பொடி மிகவும் அதிகமானால் நுழைந்த உடனே திரும்புகிறது, சிவப்புக்கும் செலவில்லை. எல்லா நிறமும் திரும்பி வருவதால் ஆறு வெறும் சாம்பல். மிக நுண்ணிய துகள் நீலத்தையே அதிகம் சிதறடிக்கும் என்று வானம் நீலமாவதற்குச் சொல்லும் காரணத்தையே இதற்கும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை, அந்தக் கணக்குக்கு இந்தத் துகள்கள் பெரியவை.

ஏரி நிறத்தை அளக்கவும் ஒருவர் வழி கண்டிருக்கிறார். ஜெனீவா ஏரியிலேயே ஆயுளைக் கழித்த ஃபொரெல் என்ற சுவிஸ் அறிஞர், 1890 வாக்கில் நம் ஊர் மயில்துத்தத்தை அம்மோனியாவோடு கரைத்து நீலமும், பொட்டாசியம் குரோமேட்டைக் கரைத்து மஞ்சளும் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்து கண்ணாடிக் குழாய்களில் அடைத்தார். குழாயை ஏரியோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். உலே என்பவர் பிறகு பழுப்பு நிறங்களையும் சேர்த்ததில் மொத்தம் 21 எண் ஆயிற்று.

அப்படியானால் ஐப்பசி மழையில் நம் சுண்ணாம்பாறு மட்டும் ஏன் செக்கச் செவேல் என்று ஓடுகிறது? பெயருக்குப் பொருத்தமாக வெளிறி ஓடுவது லுச்சினேதான், பெயர் மாறிப்போய்விட்டது! நம் பக்கத்துச் செம்மண் பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் மட்கிய பாறை. அதிலிருந்த இரும்பு துருவேறி நிற்கிறது, துரு நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். பனியாற்று மாவு நேற்று அரைத்த பாறை, துருப்பிடிக்க நேரமே கிடைத்ததில்லை.

கடைசி இரவு இரண்டு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் பிடித்து, ஒன்றில் மட்டும் சமையல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் குலுக்கினேன். துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே மிதக்கும். உப்பு அந்த விலக்கலை மட்டுப்படுத்த, அவை திரண்டு சீக்கிரம் இறங்கும். காலையில் உப்புப் பாட்டில் தெளிந்துவிட்டது, மற்றது மங்கலாகவே நின்றது. அக்கா பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப நம்ம ஆறு கடல்ல சேர்ற இடத்துல மண்ணு அடைக்கிறது இதனாலயா?” என்றாள். அங்கே மணலைக் குவித்து அடைப்பது பெரும்பாலும் அலைதான். ஆனாலும் சேறு படிவதற்கான ஒரு காரணத்தைப் பிடித்துவிட்டாள்.