டிரங்குப் பெட்டியில சிங்கப்பூர் நோட்டு இருக்கா? விக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மணி எக்ஸ்சேஞ்ச் கவுன்டர்ல வேலை பாக்குறேன். தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் ஒரு தலைமுறையே சிங்கப்பூர், மலேயான்னு போய்ட்டு வந்ததால, தாத்தா பெட்டியில கிடைச்சுதுன்னு பழைய நோட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வர்றவங்க நிறைய பேர். "இது எவ்வளவு சார் போகும்?"னு கேப்பாங்க. நோட்டுல போட்டிருக்குற தொகையை மட்டும் பாத்து சொல்ல முடியாதுங்க, யாரு எப்போ வெளியிட்டாங்கன்னு பாக்கணும்.

ரொம்ப பேரை ஏமாத்துறது ஜப்பான் நோட்டுதான். 1942-ல இருந்து 1945 வரைக்கும் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில இருந்தப்போ அடிச்சது, பத்து வெள்ளி (அங்க டாலரைத்தான் நம்மாளுங்க வெள்ளின்னு சொல்லுவாங்க) நோட்டுல வாழைமரம் இருக்கும். "ஜப்பான் அரசாங்கம் கேட்டவுடன் பணம் தரும்"னு இங்கிலீஷ்ல அதுலயே எழுதியிருக்கும், ஆனா அதுக்குப் பின்னாடி தங்கமும் இல்ல வெள்ளியும் இல்ல, முதல்ல வந்ததுல சீரியல் நம்பர் இருந்துச்சு, அப்புறம் அதையும் விட்டுட்டு எம்-ல ஆரம்பிக்கிற ரெண்டு எழுத்தை மட்டும் போட்டு இஷ்டத்துக்கு அடிச்சுத் தள்ளினாங்க, விலைவாசி எகிறிடுச்சு. 1945-ல பிரிட்டிஷ்காரங்க திரும்பி வந்ததும் இது செல்லாதுன்னுட்டாங்க. ராத்திரி பகலா உழைச்சு சேத்தவங்க பணம் அப்படியே காகிதமாப் போச்சு, நினைச்சாலே வயிறு எரியும். இன்னைக்கு எந்த பேங்க்லயும் இதை மாத்த முடியாது. பழைய நோட்டு சேகரிக்கிற கலெக்டர்ங்க வாங்குவாங்கதான், ஆனா சாதாரண நோட்டு எக்கச்சக்கமா இருக்கு, நம்பர் இருக்குறதுக்குத்தான் கொஞ்சம் மதிப்பு.

ராஜா ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட மலேயா நோட்டு, 1959-ல வந்த பாய்மரப் படகு போட்ட ஒரு வெள்ளி, எருமை பூட்டி உழுற 1961 பத்து வெள்ளி, இதெல்லாம் சிங்கப்பூர் தனி நாடாகுறதுக்கு முன்னாடி உள்ளது. கடையில செல்லாது, கலெக்டர் விலை மட்டும்தான்.

1967 ஜூன் 12-ல இருந்து கதையே வேற. அன்னைக்குத்தான் சிங்கப்பூர் தன்னோட சொந்த வெள்ளியை வெளியிட்டுச்சு. முதல்ல ஆர்க்கிட் பூ, அடுத்து பறவை, அப்புறம் கப்பல், 1999-ல இருந்து முதல் ஜனாதிபதி யூசோப் இஷாக் படம். இதுல எந்த சீரிஸா இருந்தாலும் இன்னைக்கும் முகமதிப்புக்கு, அதாவது நோட்டுல போட்டிருக்குற தொகைக்கு, செல்லும். பத்தாயிரம் வெள்ளி நோட்டை 2014-லயும் ஆயிரம் வெள்ளியை 2021-லயும் புதுசா வெளியிடுறதை நிறுத்தினாங்களே தவிர, ஏற்கனவே கையில இருக்குறது செல்லும். அதனால "ஆர்க்கிட் நோட்டெல்லாம் செல்லாதுங்க, பாதி விலைக்கு எடுத்துக்குறேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நல்ல நிலையில இருக்குற ஆர்க்கிட் நோட்டுக்கு, அதுலயும் இருபத்தஞ்சு வெள்ளிக்கு, முகமதிப்பை விட ஜாஸ்தியே கொடுப்பாங்க. புருனே டாலர் இருந்தா அதுவும் சிங்கப்பூர்ல ஒண்ணுக்கு ஒண்ணு செல்லும், அதுக்காக 1967-ல போட்ட ஒப்பந்தம் இன்னும் இருக்கு.

மலேசியாவும் அந்த ஒப்பந்தத்துல இருந்துச்சு, 1973-ல விலகிடுச்சு. இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. ரெண்டும் ஒரே பெட்டியில கிடக்கும், நம்மாளுங்க ரெண்டையும் "வெள்ளி"ன்னே சொல்லுவாங்க. ஆனா மலேசியாவோட 500, 1000 ரிங்கிட் நோட்டு 1999-லயே செல்லாததாகிடுச்சு. நோட்டுல "பேங்க் நெகாரா மலேசியா"ன்னு இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா அது மலேசியா நோட்டு.

யூடியூப்ல "பழைய நோட்டுக்கு லட்சக்கணக்குல பணம்"னு சொல்லிட்டு முன்கூட்டியே பதிவுக் கட்டணமோ கமிஷனோ கேட்டா அங்கேயே போனை வெச்சிடுங்க. ரிசர்வ் வங்கியே 2021-ல இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு, ரிசர்வ் வங்கி பேரை யூஸ் பண்ணியே மோசடிக்காரங்க காசு புடுங்கிட்டு இருந்தாங்க.

நோட்டை கழுவாதீங்க, அயர்ன் பண்ணாதீங்க, கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டாதீங்க, கலெக்டர் விலை அப்படியே விழுந்துடும். நம்ம ஊர் எக்ஸ்சேஞ்ச்ல பழைய சீரிஸை வாங்கத் தயங்குவாங்க, அதுக்காக செல்லாதுன்னு முடிவு பண்ணி வந்த விலைக்குத் தள்ளிடாதீங்க. ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, சிங்கப்பூர்ல இருக்குற சொந்தக்காரங்க ஊருக்கு வந்தா அவங்ககிட்ட கொடுத்து அங்க பேங்க்ல விசாரிக்கச் சொல்லுங்க.